முப்பத்தெட்டுப் பேருக்கும் நாற்பத்தொன்று

மே 16

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் வலிகூட இந்த வாரம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. உன் ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை மேசை டிராயரில் சேர்த்து வைக்கிறாயா? உன் மனைவியையும் கேட்டதாகச் சொல்.

பள்ளியிறுதித் தேர்வு முடிவு வந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் என் பாடத்தைத்தான் முதலில் தேடினேன். அ பிரிவில் எல்லாம் வழக்கம்போல. எண்பத்தெட்டு, பதினாறு, ஐம்பத்தேழு. ஆ பிரிவில் வேதியியலில் முதல் பெண்ணுக்கு நாற்பத்தொன்று. அடுத்தவளுக்கும் நாற்பத்தொன்று. விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். முப்பத்தெட்டுப் பெண்கள். முப்பத்தெட்டுப் பேருக்கும் நாற்பத்தொன்று! தேறுவதற்கு நாற்பது வேண்டும். போனால் போகிறது என்று மேலே ஒன்று.

பத்தொன்பது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் ஒரே மார்க் வாங்கினாலே விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்ப்பேன். உங்கள் தேர்வு வாரியத்தில் முப்பத்தெட்டு நாற்பத்தொன்றை வரிசையாக எழுதியவருக்குக் கை கூசவில்லையா? நடுவில் ஒரு நாற்பத்திரண்டு போடலாம் என்றுகூடவா தோன்றவில்லை? பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். உங்கள் ஆட்களுக்கு அதுவும் கிடையாது.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். ஒல்லியாக, சின்னதாக இருப்பாள் என்று எல்லோரும் குருவி என்பார்கள். தையல்காரர் மகள். நான் கரும்பலகையில் தவறாக எழுதினால் கையைத் தூக்குகிற ஒரே ஆள். மருந்தாளர் படிப்புக்குப் போக வேதியியலில் எழுபத்தைந்து வேண்டும். தொண்ணூறுக்குக் குறையாமல் எழுதியிருப்பாள். அவளுக்கும் நாற்பத்தொன்று.

நம் வீட்டு வாலுவுக்கும் நாற்பத்தொன்று.

நீ மதிப்பெண் பதிவுப் பிரிவில்தானே அதிகாரியாக இருக்கிறாய்? எந்த முட்டாள் இந்த வேலையைச் செய்தான் என்று விசாரித்து எழுது. போன் செய்தால் "அப்புறம் பேசறேன்க்கா" என்று நழுவிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு ஒன்றுமில்லை, மாத்திரை போடுகிறேன். அத்தானுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மழை வரும் முன்பே உன் இருமலுக்கும் மருந்து வாங்கி வைத்துக்கொள்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. முடிவு வந்த பிறகு இங்கே மூச்சுவிட நேரமில்லை. நாடு முழுக்க எட்டு லட்சம் பிள்ளைகள், அத்தனை பெற்றோருக்கும் அவரவர் பிள்ளைதான் மேதை. தினமும் மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. இரண்டு மார்க் குறைந்ததற்கு மூன்று பக்கம் எழுதுகிறார்கள், மூன்று பக்கத்திலும் எழுத்துப் பிழை.

நீ கேட்ட விஷயம். சில மையங்களில் மதிப்பெண்களைச் சீரமைப்பது உண்டு. அதில் சில நேரம் இப்படி ஒரே மாதிரி வந்துவிடும். மறுகூட்டலுக்கு ஒரு படிவம் இருக்கிறது, அந்தப் பெண்ணை எழுதிப்போடச் சொல். மற்றவர்கள் தேறிவிட்டார்கள்தானே, அவர்களை ஏன் கிளற வேண்டும்?

வாலு தேறியதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்து என்ன படிக்கப் போகிறாள்? அவளுக்குப் பிடித்த வரைகலைப் படிப்பில் சேர்த்துவிடு. சீக்கிரம் சேர்த்துவிடு.

எல்லோரும் சுகமாக இருங்கள்.

தம்பி

*

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டில் எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன், நீ எழுதவில்லை. எனக்கு இருமல் இன்னும் வரவில்லை. அத்தானும் வாலுவும் சுகம்.

யார் செய்தது என்று கேட்டிருந்தேன். நீ எட்டு லட்சம் பேரைப் பற்றி எழுதியிருக்கிறாய். சீரமைப்பாம். முடிவெட்டுகிறவர்கூட ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு மாதிரி வெட்டுகிறார்.

இங்கே எங்கள் தலைமை ஆசிரியை வாசலில் துணிப் பதாகை கட்டிவிட்டார். 'ஆ பிரிவு, வேதியியலில் நூறு சதவீதத் தேர்ச்சி. வாழ்த்துகிறோம்.' நான் போய் நின்றேன்.

"மேடம், முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே மார்க்."

"ஆமா டீச்சர். ஒத்துமையா படிச்சிருக்காங்க."

சிரிக்காமல் சொன்னார். பன்னிரண்டு வருடம் தலைமை ஆசிரியையாக இருக்க இந்த முகம் வேண்டும்போல.

நேற்று தையல்காரர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, கடையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் பொண்ணு நல்லா படிப்பான்னு நீங்க சொன்னது உண்மையா? இல்ல, மனசு நோகக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

உண்மைதான் என்றேன்.

"அப்ப மார்க் போட்டவங்க பொய்யா? அவ்ளோ பெரிய ஆபீஸு, பொய் சொல்லுமா?"

அவருக்கு உங்கள் வாரியத்தின் மேல் இருக்கிற நம்பிக்கை உங்களில் ஒருவருக்காவது இருக்குமா? படிவத்தை நானே நிரப்பி அனுப்பிவிட்டேன்.

வாலுவை எங்கேயும் சேர்க்கவில்லை. அவளே "இருக்கட்டும்மா" என்கிறாள். முன்பெல்லாம் வாயை மூட மாட்டாள், இப்போது சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.

பதில் எழுது. கேட்ட கேள்விக்கு எழுது.

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது, இருமலும் தொடங்கிவிட்டது.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. உங்கள் வாரியம் போட்டுவிட்டது. குருவிக்கு வந்ததை அப்படியே எழுதுகிறேன்:

'தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் வேதியியல் விடைத்தாள் மறுகூட்டல் செய்யப்பட்டதில் மதிப்பெண்ணில் மாற்றம் ஏதுமில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. இது தொடர்பாக மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து ஏற்கப்படமாட்டாது.'

கீழே ஒரு கையெழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. 'அன்பு மாணவனே' என்று தொடங்கியிருக்கிறார்கள். பதினேழு வயதுப் பெண்ணை மாணவனே என்று கூப்பிடுகிற ஆட்கள் அவள் விடைத்தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார்களாம்!

அவள் என்னிடம் கேட்டாள்: "மிஸ், என்னத்தைக் கூட்டிப் பாத்தாங்க? மூணாவது கேள்விக்கு மட்டும் நான் இருபது மார்க்குக்கு எழுதியிருக்கேன்." அவள் அழவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். நான்தான் ஆசிரியர் அறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அவளுடைய விடைத்தாளின் நகலைக் கேட்டு இன்றைக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். சட்டப்படி கொடுத்தாக வேண்டும். அப்படித்தானே?

தம்பி, உனக்கு என்ன ஆயிற்று?

அக்கா

*

ஜூலை 20

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உனக்கு என்ன ஆயிற்று என்றுதான் நானும் கேட்க வேண்டும். ஒரு பெண்ணுக்காக ஒரு தேசத்தின் தேர்வையே சந்தேகிக்கிறாய். வாரியம் வாரியம் என்று திட்டுகிறாயே, விடைத்தாள் திருத்துகிறவர்கள் யார்? உன்னைப் போன்ற ஆசிரியர்கள்தான். திருத்தும் மையத்துக்கு வந்து பார். ஒரு தாளுக்கு நாலு நிமிடம். ஒரு கையில் பேனா, ஒரு கையில் டீ டம்ளர். பக்கத்து நாற்காலிக்காரரோடு சம்பந்தம் பேசிக்கொண்டே மார்க் போடுகிறார்கள். கடைசிப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. அதையெல்லாம் சரிபார்த்து, பதிந்து, அச்சடித்து, குறித்த நாளில் முடிவு வெளியிடுவது நாங்கள். நாங்கள் இல்லையென்றால் இந்த நாட்டில் எவன் தேறினான் எவன் தேறவில்லை என்று எவனுக்கும் தெரியாது.

நகல் கேட்டது வீண் வேலை. கிடைக்காது.

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதை விட்டுவிடு. உனக்கும் நல்லதில்லை, வாலுவுக்கும் நல்லதில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

ஊருக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் காலை நீட்ட முடியாமல் வீங்கிவிட்டது, மற்றபடி சுகம். நீயும் உன் அலுவலகப் பயணம் முடிந்து நலமாகத் திரும்பியிருப்பாய்.

நான் வருகிற தேதியைப் பத்து நாள் முன்பே எழுதியிருந்தேன். நான் வந்த அன்று காலைதான் உன்னை வெளியூருக்கு அனுப்பினார்களாம். உன் மனைவி சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் எதுவும் இல்லை. "அண்ணி, அவர் இப்பல்லாம் சரியா சாப்பிடறதே இல்ல" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஆபீஸ் டென்ஷன்" என்றாள். அதற்குமேல் அவளைக் கேட்கவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்.

மறுநாள் உங்கள் வாரியத்துக்குப் போனேன். எத்தனை பெரிய கட்டடம்! வாசலில் பளிங்கில் 'நேர்மை, துல்லியம், இரகசியம்' என்று பொறித்திருக்கிறது. முதல் இரண்டும் உள்ளே எங்கே இருக்கிறதோ தெரியவில்லை, மூன்றாவது மட்டும் நன்றாக வேலை செய்கிறது. ஏழாம் கவுண்டரில் ஒன்பதாம் கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். ஒன்பதில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்த பிறகு ஏழாம் கவுண்டருக்குப் போகச் சொன்னார். நான் நகரவில்லை. கடைசியில் ஒரு வயதான குமாஸ்தா என் தாளை வாங்கிப் பள்ளி எண்ணைப் பார்த்தார்.

"ஓ... அந்தக் கட்டா?"

"எந்தக் கட்டு?"

அவர் முகம் மாறிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா. விடைத்தாள் எல்லாம் மூணு மாசத்துல அழிச்சிடுவோம். இனிமே கிடைக்காது."

"மூணு மாசம் இன்னும் ஆகலையே. முடிவு வந்த நாள்லேருந்து எண்ணிப் பாருங்க."

"அப்ப ஆனதும் அழிச்சிடுவோம்" என்றார்.

இதை நான் இட்டுக்கட்டவில்லை. அப்படியேதான் சொன்னார். பிறகு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "பதிவுப் பிரிவு அதிகாரியைக் கேளுங்கம்மா, அவருக்குத்தான் எல்லாம் தெரியும். இன்னிக்கு லீவு" என்றார்.

வெளியூருக்கு அனுப்பினார்கள் என்று வீட்டில். லீவு என்று அலுவலகத்தில்.

இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. இனி எழுத வேண்டியது நீ.

அக்கா

*

செப்டம்பர் 22

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமா? நான் நலம். அம்மாவுக்கு இருமல் விடவில்லை. இப்படி ஒரு கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா இப்போது உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பா ஒருநாள் உங்கள் பேரை எடுத்தார், அம்மா எழுந்து போய்விட்டார்கள்.

மாமா, அந்தப் பரீட்சையில் நான் இரண்டு கேள்விக்குத்தான் ஒழுங்காக எழுதினேன். மீதி எல்லாம் கேள்வியையே திருப்பி எழுதி வைத்தேன். நாற்பத்தொன்று வரவே வராது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். பள்ளியில் வைத்த கடைசித் தேர்வில் எனக்குப் பத்தொன்பது போட்டதே அவர்கள்தான்.

குருவி இப்போது அவள் அப்பா கடையில் பட்டன் தைக்கிறாள். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சுற்றிப் போகிறேன். ஒருநாள் பார்த்துவிட்டாள். "நீ என்ன கோர்ஸ் சேரப் போற?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள். எனக்குத்தான் நிற்க முடியவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? ஏப்ரலில் எனக்குப் போன் செய்து என் பதிவு எண்ணைக் கேட்டீர்கள். "அம்மாகிட்ட சொல்லாத, சர்ப்ரைஸா ரிசல்ட் முதல்ல நானே சொல்றேன்" என்றீர்கள். ஆனால் ரிசல்ட் வந்தபோது நீங்கள் போன் செய்யவில்லை. எதற்காகக் கேட்டீர்கள்?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லட்டுமா?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாலு

*

அக்டோபர் 3

அக்காவுக்கு,

உன் இருமல் நின்றதா? நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுகமாக இல்லை.

ஏப்ரலில், திருத்தும் மையத்துக்கு வந்த வேனிலிருந்து ஒரு விடைத்தாள் கட்டு கீழே விழுந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் மழையில், முற்றத்தில் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே கிடந்திருக்கிறது. எங்கள் பிரிவுக்குக் கொண்டுவந்தபோது பிரித்துப் பார்த்தேன். காகிதக் கூழ். நீல மை கரைந்து என் கையெல்லாம் நீலமாகிவிட்டது. மேலே இருந்த பள்ளி எண்ணும், எந்தப் பதிவு எண்ணிலிருந்து எது வரை என்ற குறிப்பும் மட்டும் அழியவில்லை. உன் பள்ளி. நான் வாலுவுக்குப் போன் செய்து அவள் எண்ணைக் கேட்டேன். அந்தக் கட்டில் இருந்தது.

மறுநாள் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அறையில் கூட்டம். நாலு பேர். விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: விடைத்தாள் தொலைந்தால் முப்பது நாளில் அந்த மாணவர்களுக்கு மறுதேர்வு வைக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முப்பத்தெட்டு பேருக்காக மறுபடியும் பரீட்சையா? பத்திரிகைக்காரன் நம்மளக் கிழிச்சிடுவான்யா."

மற்றவர்கள் கோப்பைப் புரட்டினார்கள். நான் பேசினேன்.

"எல்லாருக்கும் பாஸ் போட்டுட்டா யாரும் கேக்க மாட்டாங்க சார். ஃபெயிலானவன்தான் சண்டைக்கு வருவான்."

"எவ்வளவு போடறது?"

"நாப்பத்தொண்ணு."

"அது என்னய்யா ஒண்ணு?"

"மொட்டையா நாப்பது போட்டா கருணை மார்க் மாதிரி இருக்கும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். கட்டுப்பாட்டாளர் என் தோளைத் தட்டி, "மூளைக்காரன்யா நீ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அக்கா. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

எந்த முட்டாள் என்று மே மாதத்திலிருந்து கேட்கிறாய். நான்தான். மறுகூட்டல் கடிதத்தில் இருந்த கோழிக் கிளறலும் என்னுடையதுதான். உனக்கு என் கையெழுத்து தெரியும் என்று மாற்றிப் போட்டேன்.

மறுதேர்வு வைத்தால் வாலு தேற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு வேதியியல் வரவே இல்லை என்று டிசம்பரில் நீயே எழுதியிருந்தாய். அவளுக்காகத்தான் செய்தேன். உனக்காக. சொந்த மகளே உன் பாடத்தில் தவறினால் அந்த ஊரில் நீ எப்படித் தலைகாட்டுவாய்? மற்ற முப்பத்தேழு பேரை நான் நினைக்கவே இல்லை. அவர்கள் வெறும் எண்கள். தையல்காரர் மகள் என்று நீ எழுதிய பிறகுதான் அதில் ஒன்றுக்கு முகம் வந்தது. அதற்குள் எல்லாம் அச்சாகிவிட்டது.

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது. இதை வைத்து நீ என்ன வேண்டுமானாலும் செய். யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

தம்பி

*

அக்டோபர் 21

தம்பிக்கு,

இருமல் நின்றுவிட்டது.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளே பார், ஒரு பக்கமும் குறையவில்லை.

'என்ன வேண்டுமானாலும் செய்' என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு தாராளம்! முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் தலையில் ஒரு எண்ணை வைத்தாய். இப்போது உன்னைக் காட்டிக்கொடுக்கிற வேலையை என் தலையில் வைக்கிறாய். நான் அனுப்பினால் தம்பியைக் கெடுத்த அக்கா. அனுப்பாவிட்டால் கூட்டுக் களவாணி. நீ மட்டும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். உங்கள் வாரியத்தில் உன்னை ஏன் மூளைக்காரன் என்றார்கள் என்று இப்போது புரிகிறது.

எனக்காகச் செய்தாயாம். வருடா வருடம் என் பாடத்தில் பத்துப் பெண்களாவது தவறுகிறார்கள். அழுவார்கள், ஒரு வாரம் சாப்பிட மாட்டார்கள், பிறகு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார்கள். யாரும் செத்துப்போகவில்லை. என் மகளும் செத்திருக்க மாட்டாள். நானும் தலையை எங்கேயும் ஒளித்து வைத்திருக்க மாட்டேன். தவறுவதைவிடக் கேவலமானது ஒன்றை நீ அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாய். அது எப்படி வந்தது என்று அவள் ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன், படித்தாள்.

ஒன்றை நானும் சொல்லிவிடுகிறேன். உன்னைத் திட்டிவிட்டு அதை மட்டும் மறைத்தால் நானும் உங்கள் ஆள்தான். மே மாதம் பலகையில் விரலை இறக்கிக்கொண்டே போனபோது, வாலுவின் பெயருக்கு நேரே நாற்பத்தொன்றைப் பார்த்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. முதல் கடிதத்தில் அதை எழுதவில்லை. அந்த நொடிக்காக என்னை நான் திட்டிக்கொண்டதில் பாதிதான் உங்கள் வாரியத்துக்குக் கிடைத்தது.

நீ எழுதியதை நீயே உங்கள் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடு. உன் சொந்தக் கையெழுத்தில். கோழிக் கிளறல் வேண்டாம்.

அக்கா

*

நவம்பர் 28

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் வாலுவும் நலமாக இருக்க வேண்டும். நான் வீட்டில்தான் இருக்கிறேன், பகலிலும்.

போன மாதக் கடைசியில் கொடுத்துவிட்டேன். பதினைந்து நிமிடம் காத்திருக்க வைத்து உள்ளே கூப்பிட்டார் வாரியத் தலைவர். இரண்டு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்? புரமோஷனா?"

ஒன்றும் வேண்டாம் சார் என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம்னா எதுக்கு இதைக் குடுக்கறீங்க?"

உண்மையாகவே புரியாமல் கேட்டார். இருபத்திரண்டு வருடம் இந்த இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன். அது தெரிந்ததும் அங்கே நிற்க அருவருப்பாக இருந்தது.

கடிதத்தைக் கிழித்தால் இன்னொன்று எழுதுவேன் என்றேன். இரண்டு வாரம் ஏதேதோ கூட்டம். பிறகு என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து உத்தரவு வந்தது. காரணம், 'அலுவலக இரகசியத்தை வெளிப்படுத்தியது.' நாற்பத்தொன்று போட்டதற்கு அல்ல. கட்டுப்பாட்டாளருக்கு இணைத் தலைவராகப் பதவி உயர்வு.

மறுதேர்வு உண்டு. ஜனவரியில், உன் பள்ளியிலேயே. சுற்றறிக்கை வந்திருக்கும். 'மாணவியர் நலனில் வாரியம் கொண்டுள்ள தனி அக்கறையின் காரணமாக' என்று ஆரம்பிக்கிறது. எழுதியவன் எனக்குக் கீழே வேலை பார்த்த பையன். நான்தான் அந்த நடையைச் சொல்லிக்கொடுத்தேன். வர விரும்பாதவர்கள் நாற்பத்தொன்றையே வைத்துக்கொள்ளலாமாம். வாலு போக வேண்டியதில்லை. அவளிடம் சொல்.

என் மனைவி இப்போது பேசுகிறாள். எட்டு மாதமாகப் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறாள்.

பதில் எழுதுவாயா என்று தெரியவில்லை.

தம்பி

*

பிப்ரவரி 19

தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். அத்தான் இப்போது தடியில்லாமல் கடைத்தெருவரை போய் வருகிறார். உன் ரத்தக் கொதிப்பைப் பற்றி உன் மனைவியிடம் போனில் கேட்டுக்கொண்டேன். அதனால் நீ எழுத வேண்டாம்.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று வாலு பிடிவாதம் பிடிக்கிறாள்.

மறுதேர்வுக்கு முப்பத்தெட்டில் இருபத்துமூன்று பேர் வந்தார்கள். வராதவர்களை நான் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் வேலைக்குப் போய்விட்டார்கள், ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. உங்கள் வாரியத்திலிருந்து கோட்டுப் போட்டு ஒருவர் முத்திரையிட்ட உறையோடு காரில் வந்தார். பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் முத்திரையை உடைத்தார். உள்ளே இருந்தது இயற்பியல் வினாத்தாள்.

"உறை மேல கெமிஸ்ட்ரின்னுதான் மேடம் எழுதியிருக்கு" என்று உறையைக் காட்டினார்.

"அப்ப உறையையே குடுத்துடுங்க, அதுலயே எழுதட்டும்" என்றேன்.

சரியான தாள் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. இருபத்துமூன்று பெண்களும் வெயிலில் காத்திருந்தார்கள். தையல்காரர் வாசலிலேயே நின்றார். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கோட்டுக்காரருக்கு அவர் வணக்கம் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று காலை நடந்ததைச் சொல்லவில்லையே. சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன், வாலு சீருடையோடு வந்தாள். போன வருடச் சீருடை, கை குட்டையாகிவிட்டது.

"போகாட்டி நாப்பத்தொண்ணு உங்கிட்டயே இருக்கும்" என்றேன்.

"தெரியும்மா."

"எழுதினா அது போயிடும். இப்ப வாங்கறதுதான் கணக்கு."

"தெரியும்மா. நல்ல பேனாவா ஒண்ணு குடு."

கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

முடிவு நேற்று வந்தது. குருவிக்குத் தொண்ணூற்று நான்கு. இந்த வருடச் சேர்க்கை முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, ஜூன் வரை அவள் பட்டன் தைக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தை உங்கள் வாரியம் எந்தச் சுற்றறிக்கையாலும் திருப்பித் தராது. அதையும் நீ தெரிந்துகொள்.

வாலுவுக்கு இருபத்தொன்பது.

பலகையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்தாள். "பத்தொம்போதுலேருந்து இருபத்தொம்போதும்மா, பத்து ஏறியிருக்கு" என்றாள். பிறகு, "மாமாவுக்கு எழுது. யாரும் போட்டுத் தரலன்னு எழுது" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். சாயங்காலம் தையல் கடை வழியாகவே நடந்து போனாள்.

உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அதற்கு இன்னும் நாளாகும், ஒருவேளை வராமலே போகலாம். ஆனால் உன் மருமகள் வாலு உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதிய பஸ்ஸில் இரண்டு பேரும் புறப்பட்டு வாருங்கள். வந்தால் சாப்பாடு உண்டு. பேச்சு உண்டா என்று வந்து பார்.

அக்கா